ஒரே எதுகையில் இரண்டு பாட்டு

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவன் என்று சிலரைச் சொல்வார்கள். ஐம்பதுகளில், போடிநாயக்கனூரில், அந்தச் சிலரில் நானும் ஒருவன். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா எழுதுவேன், கருமாதிக்கு இரங்கற்பா எழுதுவேன். இரண்டையும் நானே அச்சுக் கோர்ப்பேன், நானே போய் நின்று வாசிப்பேன். வாசித்து முடித்ததும் யாராவது "ஆகா" என்று சொல்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். இழவு வீட்டிலும் பார்ப்பேன். வெட்கம்கெட்ட ஜென்மம்.

அப்போது ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை. காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின் ஒன்று, ஈய எழுத்துப் பெட்டிகள் நாலு, முதலாளி, நான். ஏலக்காய்க் கடைகளின் பில் புத்தகம், சினிமா நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிப்போம். பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் முதலாளி, "வாழ்த்துப்பா ஒண்ணும் சேத்துப் போட்ருவமா? நம்ம பயலே எழுதுவான்" என்பார். ரோஸ் காகிதத்தில் நாலு ஓரமும் கொடியும் பூவுமாக அடித்து, பந்தலில் வாசித்து, பிறகு கண்ணாடி போட்டு மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அந்தக் காலத்தில் அது இல்லாமல் கல்யாணம் நிறையாது. சாவுக்கு வெள்ளைக் காகிதம், கறுப்புக் கரை.

நான் தமிழ் கற்றது பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், எழுத்துப் பெட்டியில் மீதி. ஓசை என்பது மற்றவர்களுக்குக் காதில் கேட்பது. எனக்கு அது விரல் நுனியில் இருந்தது. கல்யாண சீசனில் ண, ம, ன இருக்கும் அறைகள் முதலில் காலியாகும். மணம், மலர், மங்கை, கண், பண், எண்ணம் என்று ஒரே மெல்லினமாக எடுத்துக் கொட்டுவேன். தேர்தல் வந்தால் ட, ற, க அறைகள் வற்றும். திட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் வல்லினம்தான் வேண்டும். 'ண்ண' என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்குள்ளேயே ஒரு மணி அடித்து ஓய்கிறது. 'ட்ட' என்று சொல்லுங்கள், கதவை அடைக்கிறது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்கிற தலைக்கனம் எனக்கு ஒரு மூட்டை.

இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தேன். எதுகை அடியின் தலையில் நிற்கிறது. வாயைத் திறந்த உடனே வருவது அதுதான். முதல் சொல்லைப் பிடித்துவிட்டால் மற்றச் சொற்கள், முன்னே போகிற ஆட்டின் பின்னால் மந்தை வருகிற மாதிரி, தானாக வந்துவிடும். அதனால்தான் படிக்கத் தெரியாதவர்களும் நூறு பாட்டு மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இது இவ்வளவு தெரிந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ராசிங்காபுரத்தில் இரண்டு அண்ணன் தம்பி. அண்ணன் ஊரில் வயல் பார்த்தார். தம்பி குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்த்தான். தம்பிக்குக் கல்யாணம் வந்தபோது எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தார்கள். நான் எழுதியது இது:

மண்ணும் மலையும் மணம்வீச
 மாலை சூடும் மணவாளன்
கண்ணும் கருத்தும் கலந்திடவே
 கையைப் பிடித்தாள் கனிமொழியாள்
எண்ணும் எண்ணம் ஈடேற
 ஏலம் போலே மணத்திருங்கள்
பண்ணும் பாட்டும் போலிணைந்து
 பல்லாண் டிங்கே வாழியவே

பெரிய கவிதை ஒன்றும் இல்லை. ஏலம் என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எந்த ஊர் மாப்பிள்ளைக்கும் பொருந்தும், பொருத்தியும் இருக்கிறேன். ஆனால் அன்று பந்தலில் நல்ல பேர் வந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "அண்ணே, நம்ம மலையையும் ஏலத்தையும் பாட்டுல கொண்டாந்துட்டீகளே!" என்றான். பொண்ணு தலையைக் குனிந்தபடி இருந்தது. அதன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வைகாசி மாதக் காலையில் அண்ணன்காரர் அச்சகத்து வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை, முகத்தில் தாடி. தம்பிக்கு மலைக்காய்ச்சல் கண்டு ஆறு நாளில் போய்விட்டான் என்று சொன்னார். சொல்லும்போது நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். சாவு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லித்தான் ஆறும்.

"மேலயிருந்து கம்பளியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க தம்பி. குரங்கணி வரைக்கும் அவனக் கட்டுன புள்ள அவன் கையப் புடிச்சுக்கிட்டே நடந்து வந்திருக்கு. ஒத்தையடிப் பாதை, ரெண்டு பேரு சேந்து நடக்க எடம் ஏது? பக்கத்துல சரிவுல எறங்கி, முள்ளுல மிதிச்சு, கைய மட்டும் விடல. ஜீப்புல ஏத்துறப்பதான் பாத்திருக்காங்க, உசுரு இல்ல. அப்பவும் அவன் வெரலு அது கையிலதான் இருந்திருக்கு."

நான் "அடப்பாவமே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நீங்க எழுதுன கல்யாணப் பாட்டுன்னா அவனுக்கு உசுரு" என்றார் அவர். "அதக் கண்ணாடியோட மலைக்கே கொண்டு போயிட்டான். அந்தப் புள்ளைக்குப் படிக்கத் தெரியாது. மழை பிடிச்சா வெளிய போக முடியாதுல்ல, தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல ஒக்காந்து வாசிச்சுக் காட்டுவானாம். வாசிச்சு வாசிச்சு அதுக்கும் மனப்பாடம். இப்ப அத மட்டுந்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்கு. சொன்னா அவன் பேசுற மாதிரியே இருக்காம். நீங்க அதே மாதிரி நல்லா எழுதிக் குடுங்க. கருமாதி வர்ற வெள்ளிக்கெழம."

இத்தனையும் என் காதில் விழுந்தது. அதில் எனக்கு இனித்தது எது தெரியுமா? 'உங்கள் பாட்டென்றால் உசுரு' என்ற அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் வேலை நெருக்கம் என்று சொல்லலாம். நெருக்கம்தான். ஆனால் ஒரு பாட்டு எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைக்கூட நான் கொடுக்கவில்லை. தகப்பனார் பெயரும் ஊரும் பிழையில்லாமல் போட வேண்டும் என்பதற்காகப் பழைய கல்யாணப் பிரதியைத் தேடினேன். அடித்த எல்லாவற்றிலும் ஒன்றைக் கம்பியில் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். அது கிடைத்தது. பெயரைப் பார்த்தேன். கீழே பாட்டு இருந்தது. எதுகை தயாராக நிற்கிறது, சந்தம் தயாராக நிற்கிறது, நடுவில் நாலைந்து சொல்லை மாற்றினால் தீர்ந்தது சோலி. வாழ்த்தின் அடிக்கடைசியை எல்லாம் 'தாயே, தாயே' என்று நீட்டிவிட்டால் ஒப்பாரி இழுவை வந்துவிடும்; கேட்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். இது என் கணக்கு. முன்பும் இப்படிச் செய்திருக்கிறேன், யாரும் கண்டுபிடித்ததில்லை. எழுத்தை எடுத்துக் கோர்த்துக்கொண்டே மாற்றினேன், காகிதத்தில் எழுதிக்கூடப் பார்க்கவில்லை.

மண்ணும் மலையும் மனம்வாட
 மாலை உதிர்ந்து மறைந்தாயே
கண்ணும் கருத்தும் கலங்கிடவே
 கையை உதறிக் கடந்தாயே
எண்ணும் எண்ணம் இடிந்துவிழ
 ஏலக் காட்டை இழந்தாயே
பண்ணும் பாட்டும் பாழாகப்
 பரலோ கத்தை அடைந்தாயே

நாலாவது அடியைப் பாருங்கள். கையை உதறினானாம்! சரிவில் முள்ளை மிதித்து நடந்து வந்த கதையைக் கேட்டு முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை. கண்ணும், கருத்தும், கலங்கிடவே, கையை, கடந்தாயே என்று ககரம் வரிசையாக விழுந்த அழகில் மயங்கிப் போனேன். மோனைக்காக ஒரு செத்த மனிதன்மேல் பொய் சொன்னேன். புரூப் பார்த்த முதலாளி, "அழ வச்சிருவ போலிருக்கே அப்பு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை ராசிங்காபுரத்துக்குச் சைக்கிளில் போனேன். பந்தலில் நல்ல கூட்டம். சடங்கெல்லாம் முடிந்து, ஆண்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எல்லாம் உள்ளே. காகிதங்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"மண்ணும் மலையும் மனம்வாட" என்று இழுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. உரக்க இல்லை. "மாலை சூடும் மணவாளன்" என்றது.

யாரோ ஒப்பாரியை ஆரம்பிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பாட்டு வேலை செய்கிறது என்று மகிழ்ச்சிகூடப்பட்டேன். "மாலை உதிர்ந்து மறைந்தாயே, கண்ணும் கருத்தும் கலங்கிடவே" என்று இன்னும் கொஞ்சம் குரலை ஏற்றினேன்.

"கையைப் பிடித்தாள் கனிமொழியாள்."

இப்போதுதான் அது யார் குரல் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் என்னை எதிர்த்துச் சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லவும் இல்லை. நான் அடியின் தலையைக் கொடுத்தேன், மீதி தானாக அதன் வாயில் வந்தது. இரண்டு வருஷம் மழையில் உட்கார்ந்து கேட்ட பாட்டு. நான் ஒரு சாவைச் சொல்லச் சொல்ல அது ஒரு கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் கூட்டம் என்ன நினைக்கும் என்று, இன்னும் சத்தமாக, அந்தக் குரலை அமுக்குகிற மாதிரி, மீதி ஐந்து அடியையும் வாசித்தேன். 'இழந்தாயே' என்று நான் கத்த, உள்ளே 'மணத்திருங்கள்' என்று அது சொல்ல, பந்தலில் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் "பரலோகத்தை அடைந்தாயே" என்று நான் முடித்தபோது உள்ளே சத்தம் இல்லை. யாரோ ஒரு பொம்பளை, "ஆத்தா, அழுதுரு ஆத்தா, அழுதுரு" என்று சொல்வது கேட்டது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்பா, இது கல்யாணத்துக்குப் படிச்சதுதான?" என்றார். நான் என் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அண்ணன்காரர் எழுந்து வந்து, "சாப்ட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாப்பிடாமல் போனால் தப்பாகப் போய்விடும் என்று இலையில் உட்கார்ந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன்.

முதலாளி கேட்டதற்கு, "நல்லாப் போச்சு மொதலாளி" என்று சொன்னேன். அந்தப் பொய்யும் என் கணக்கில்தான் சேரும்.

ஆவணியில் ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். முதலாளி காகிதம் வாங்க மதுரைக்கு ரயிலேறிப் போயிருந்தார். வாசலில் ஒரு பெண் துணிமூட்டையோடு நின்றது. வெள்ளைச் சேலை. அன்றைக்குப் பந்தலில் முகத்தைப் பார்க்காத எனக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. கையில் இருந்த எழுத்துகள் தரையில் சிதறின.

"அண்ணே, மலைக்குத் திரும்பிப் போறேன்" என்றது. "காயெடுக்க ஆளு கேட்டிருக்காக. ஜீப்பு வர நேரமிருக்கு. ஒரு சோலியா வந்தேன்."

"உள்ள வாம்மா. உக்காரு."

உட்காரவில்லை. "அந்தக் கல்யாணப் பாட்ட எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டணும்ணே. கண்ணாடிய அவுக அண்ணன் மலையிலருந்து எறக்கியாந்து வீட்டுக்குள்ள வச்சுட்டாக. இருந்தாலும் எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. வாயில இருந்துச்சு. இப்ப சரியா வர மாட்டேங்குது. நடுவுல உங்க இன்னொரு பாட்டு வந்து நிக்குது."

நான் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வரவில்லை! மண்ணும் மலையும் என்பதற்குமேல் நான் எழுதியது எனக்கே மனப்பாடம் இல்லை. அது நின்று பார்த்துக்கொண்டிருக்க, கம்பியிலிருந்து காகிதங்களை உருவி, அந்த ரோஸ் காகிதத்தைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு அடியாகப் படித்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னது.

"மண்ணும் மலையும் மணம்வீச, மாலை சூடும் மணவாளன். கண்ணும் கருத்தும் கலங்கிடவே…" சட்டென்று நிறுத்தியது. "தப்புல்ல?"

"கலந்திடவே" என்றேன்.

"கலந்திடவே. கையை உதறி…" உதட்டைக் கடித்துக்கொண்டது. "அவுக உதறலண்ணே."

"தெரியும்மா" என்றேன். தெரியும் என்று எந்த வாயால் சொன்னேனோ!

"ஒருக்காகூட உதறல. தொட்டில்ல தூக்கிட்டு வர்றப்பவும் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தாக."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அதே இடம். மூன்றாம் தடவை மெதுவாக, ஓடையில் கல் பார்த்துக் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. தப்பே வரவில்லை. வாழியவே வரைக்கும் முழுசாகச் சொல்லி முடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதாம்மா! வந்திருச்சு பாரு! இனி மறக்காது" என்றேன், ஏதோ நான் தானம் கொடுத்த மாதிரி.

அது கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி தலையைச் சாய்த்து நின்றது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

"வார்த்தையெல்லாம் வந்திருச்சுண்ணே" என்றது. "முன்னெல்லாம் இதச் சொன்னா அவுக கொரலு கேக்கும். இப்ப உங்க கொரலுதான் கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஒரு சாமானைத் தொலைத்துவிட்டு வீட்டாரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னது. 'என்னை மன்னிச்சிரும்மா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாலு சொல் எதுகையும் மோனையும் இல்லாமல் எனக்கு வாயில் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஜீப்புக்கு நேரமாச்சேம்மா, வெரசாப் போ" என்றேன். அது சரி என்று மூட்டையை எடுத்துக்கொண்டு போனது.